பிளேயர் கழிப்பறை

பிளேயர் கழிப்பறை என்பது, சாதாரண குழிக் கழிப்பறையின் இரு பெருங்குறைகளான நாற்றத்தையும் ஈத்தொல்லையையும், மின்சாரமோ இயந்திரமோ நீரோ இன்றி, நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாயின் துணைகொண்டு குறைக்கும் குழிக் கழிப்பறை வகையாகும். 1973ஆம் ஆண்டில் அன்றைய ரொடீசியாவில் (இன்றைய சிம்பாப்வே) பீட்டர் மோர்கன் என்பவர் இதனை வடிவமைத்தார். பிற நாடுகளில் இது காற்றோட்டக் குழிக் கழிப்பறை என்றும், ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு வி.ஐ.பி. கழிப்பறை என்றும் அறியப்படுகிறது. முக்கியப் பிரமுகர்களுக்கும் இப்பெயருக்கும் தொடர்பு எதுவும் இல்லை. வீடுகள், பள்ளிகள், மருத்துவ நிலையங்கள், சந்தைகள் எனப் பல இடங்களில் இது கட்டப்பட்டுள்ளது. சிம்பாப்வேயில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டுள்ளன.

பின்னணி

குழிக் கழிப்பறை மிகப் பழமையானது. கட்டுவதற்கு மிக எளிதானது. நிலத்தில் ஒரு குழி, அதன்மேல் துளையிட்ட தளம், சுற்றிலும் ஒரு மறைப்பு ஆகியவையே அதன் பாகங்கள். கழிவுநீர்க் குழாய்களும் நீர்வழங்கலும் இல்லாத இடங்களில் இதைவிட மலிவான மாற்று கிடையாது. எனினும் குழியில் காற்றில்லாச் சூழலில் நிகழும் சிதைவால் தீநாற்றம் வீசும் வளிமங்கள் உருவாகின்றன. அவை வெளியேற இருக்கும் ஒரே வழி, மனிதர் குந்தியிருக்கும் துளையே. ஈக்களும் அதே துளை வழியாக உள்ளே சென்று முட்டையிட, அவற்றின் அடுத்த தலைமுறை அதே வழியில் வெளியேறி அருகிலுள்ள அடுக்களைகளை அடைகிறது.

இதன் விளைவு வெறும் அருவருப்போடு நிற்பதில்லை. கழிப்பறை அருவருப்பூட்டினால் மக்கள் அதைத் தவிர்த்துப் புதர்களை நாடுவர். கட்டி முடிக்கப்பட்ட கழிப்பறை பயன்படுத்தப்படாமல் போவதற்குச் சமய, பண்பாட்டுக் காரணங்கள் பலவாறு தேடப்பட்டதுண்டு; பல இடங்களில் நாற்றமே போதிய காரணமாக இருந்தது. கழிப்பறையை இனிமையாக்குவது நலவாழ்வுத் திட்டத்தின் அலங்காரம் அல்ல, அதன் மையம் என்பதை வடிவமைப்பின் தொடக்கப் புள்ளியாகக் கொண்டதே பிளேயர் கழிப்பறையின் சிறப்பு எனலாம்.

குழியிலிருந்து குழாய் வைத்துக் காற்றை வெளியேற்றும் எண்ணம் முற்றிலும் புதியதன்று. தென்னாப்பிரிக்காவில் 1940களிலேயே ரீட் மணமற்ற மண் கழிப்பறை என்ற வடிவம் இருந்தது. அதில் குழி கழிப்பறைக்குப் பின்புறமாக விலகி அமைந்து, ஒரு சாய்வுச் சரிவின் மூலம் இணைக்கப்பட்டிருந்தது. அச்சரிவில் மலம் ஒட்டிக்கொண்டு, அதுவே நாற்றத்துக்கும் ஈக்களுக்கும் இடமாகியது.

வரலாறு

பீட்டர் மோர்கன் இங்கிலாந்தில் பிறந்த உயிரியலாளர். 1970களின் தொடக்கத்தில் சாலிசுபரி நகரிலிருந்த (1982 முதல் அராரே) பிளேயர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். மலேரியா, நத்தைக் காய்ச்சல் போன்ற நோய்களை ஆராய்ந்த அந்நிறுவனம் மருத்துவர் டைசன் பிளேயரின் பெயரைத் தாங்கியிருந்தது. மோர்கன் கட்டுமானப் பொறியாளர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. ஈ எதை நோக்கிப் பறக்கும், எதைக் கண்டு விலகும் என்ற உயிரியல் கேள்வியே அவரது வடிவமைப்பில் சுவரின் அமைப்பையும் குழாயின் இடத்தையும் தீர்மானித்தது.

முதல் வடிவம் 1973இல் உருவானது. நாட்டில் அப்போது விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. பெரும்பான்மைக் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஊரகப் பகுதிகளில் அரசின் நலவாழ்வுப் பணிகள் மிகக் குறைவாகவே எட்டின. 1980இல் சிம்பாப்வே விடுதலை பெற்றபின் புதிய அரசு இக்கழிப்பறையைத் தனது ஊரகத் திட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. குடும்பத்தினர் குழி தோண்டி, செங்கல் அறுத்து, மணலும் கல்லும் சேர்ப்பர். அரசும் உதவி நிறுவனங்களும் சிமெண்டு, வலை முதலியவற்றை அளித்து, உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பயிற்சி தரும். 1980களில் இத்திட்டம் வேகமாகப் பரவியது.

உலக வங்கியும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் இணைந்து அமைத்த தொழில்நுட்ப ஆலோசனைக் குழு 1980களின் தொடக்கத்தில் இதை உலகெங்கும் அறிமுகப்படுத்தியது. பிரித்தானியப் பொறியாளர் டங்கன் மாரா உள்ளிட்டோர் குழாயின் அளவு, உயரம், பொருள் ஆகியவற்றை அளந்து ஆராய்ந்து வழிகாட்டிகளை எழுதினர். அதுவரை அனுபவத்தால் செய்யப்பட்டு வந்த ஒரு பொருள் அவர்களால் கணக்கிடத்தக்க ஒன்றாக மாறியது. 2013ஆம் ஆண்டுக்கான சுடாக்கோம் நீர்ப் பரிசு மோர்கனுக்கு வழங்கப்பட்டது.

செயற்பாடு: நாற்றம்

பிளேயர் கழிப்பறையில் குழியின் மேல்தளத்தில் இரண்டு துளைகள் உண்டு. ஒன்று பயன்படுத்துவோருக்கானது. மற்றது மேற்கட்டுக்கு வெளியே, கூரைக்கு மேலாக உயரும் காற்றுக்குழாய்க்கானது. குழாயின் மேல்வாயைக் கடந்து காற்று வீசும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. குழியிலுள்ள காற்று குழாய் வழியே மேலே இழுக்கப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப அறையின் காற்று பயன்பாட்டுத் துளை வழியே குழிக்குள் இறங்குகிறது. அதாவது துளையில் காற்றோட்டத்தின் திசை தலைகீழாகிறது: சாதாரண கழிப்பறையில் மேல்நோக்கி வரும் காற்று இங்கே கீழ்நோக்கிச் செல்கிறது. துளையருகே புகையும் ஊதுவத்தியைப் பிடித்தால் புகை குழிக்குள் இழுபடுவதைக் கண்ணால் காணலாம். கழிப்பறை சரியாகக் கட்டப்பட்டுள்ளதா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

கதிரவனின் வெப்பமும் உதவுகிறது. குழாய் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று இலேசாகி மேலெழுகிறது. இதனால் தொடக்கத்தில் குழாய்க்குக் கறுப்பு நிறம் பூசுவது வற்புறுத்தப்பட்டது. ஆனால் பின்னர் நடந்த அளவீடுகளில் காற்று வீச்சே முதன்மையான விசை என்று தெரியவந்தது. இதை எளிய கணக்கால் சரிபார்க்கலாம். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசும் இளங்காற்றின் இயக்க அழுத்தம் ஏறத்தாழ 2.4 பாசுக்கல். இதில் ஒரு பங்கே உறிஞ்சலாக மாறும். 2.5 மீட்டர் உயரக் குழாயில் காற்று வெளிக்காற்றைவிட 5 பாகை செல்சியசு சூடாக இருந்தால் கிடைக்கும் இழுவையோ ஏறத்தாழ 0.5 பாசுக்கல் மட்டுமே. காற்று வீசாத வேளையில், குழிக்காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்தும் இருந்தால், ஓட்டம் நின்றுவிடும். பிளேயர் கழிப்பறை எப்போதுமே மணக்காது என்று சொல்ல இயலாததற்கு இதுவே காரணம்.

அறையின் காற்று மணிக்கு ஆறு முறை முழுமையாக மாறினால் நாற்றம் உணரப்படுவதில்லை என்பது வடிவமைப்பு வழிகாட்டிகளின் அடிப்படை. சிறிய அறை ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 3 கன மீட்டர் என்பதால், மணிக்கு 20 கன மீட்டர் ஓட்டம் இலக்காகக் கொள்ளப்படுகிறது. 110 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் இந்த ஓட்டத்துக்கு நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் வேகம் வேண்டும், 150 மி.மீ. குழாயில் அதில் பாதி போதும். உட்பரப்பு வழவழப்பான பி.வி.சி. குழாயாயின் 110 மி.மீ. முதல் 150 மி.மீ. வரை போதுமானது. செங்கல்லால் கட்டும் புகைபோக்கி, நாணலைச் சுற்றிச் சிமெண்டு பூசிய குழாய் போன்றவற்றின் உட்பரப்பு சொரசொரப்பானது. அவற்றுக்கு 230 மி.மீ. அல்லது அதனையொட்டிய அளவு தேவைப்படும்.

செயற்பாடு: ஈக்கள்

ஈக்கட்டுப்பாடே இவ்வடிவமைப்பின் நுட்பமான பகுதி. முட்டையிட இடம் தேடும் ஈ நாற்றத்தைப் பின்தொடர்கிறது. நாற்றமோ இப்போது குழாயின் உச்சியிலிருந்து வெளியேறுகிறது. எனவே ஈக்கள் அங்கு கூடுகின்றன. ஆனால் உச்சியில் பொருத்திய வலை அவற்றைத் தடுக்கிறது. எப்படியோ துளை வழியே உள்ளே சென்ற சில ஈக்களின் முட்டைகளிலிருந்து வளரும் புதிய ஈக்கள், வெளியேற ஒளியை நோக்கிப் பறக்கும். கழிப்பறையின் உட்பகுதி இருண்டிருந்தால் குழியிலிருந்து தெரியும் ஒரே வெளிச்சம் குழாயின் மேல்வாய்தான். அவை குழாய்க்குள் ஏறி, வலையில் முட்டி, வெளியேற வழியின்றி இறந்து குழிக்குள் விழுகின்றன. ஒரே குழாய் நாற்றத்தை வெளியேற்றுகிறது, வெளி ஈயை ஏமாற்றுகிறது, உள் ஈக்குப் பொறியாகிறது.

மோர்கன் இதைச் சோதித்துக் காட்டினார். குழாய் உள்ளது, இல்லாதது என்ற ஒரு வேறுபாட்டைத் தவிர மற்றபடி ஒத்த கழிப்பறைகளில் 78 நாட்கள் ஈக்கள் பிடிக்கப்பட்டன. குழாய் இல்லாததில் 13,953 ஈக்களும் குழாய் உள்ளதில் 146 ஈக்களும் அகப்பட்டன. ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. இக்கழிப்பறை உலகெங்கும் பரவியதற்கு இந்த எண்களுக்குப் பெரும் பங்குண்டு.

கொசு விடயத்தில் இந்த வெற்றி கிட்டவில்லை. நீர் தேங்கிய குழிகளில் பெருகும், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்சு கொசு, ஒளியால் ஈயைப்போல் ஈர்க்கப்படுவதில்லை. துளை வழியாகவே வெளியேறிவிடும். இதற்கு வேறு தீர்வு காணப்பட்டது. பொதிகளில் பயன்படும் பாலிசுடைரீன் சிறுமணிகளைக் குழிநீரின்மேல் ஒரு படலமாகப் பரப்பினால் கொசுப் புழுக்கள் மூச்சுவிட இயலாமல் மடியும். சன்சிபாரில் மக்குண்டுச்சி என்னும் ஊரில் 1980களின் இறுதியில் இம்முறை வெற்றியுடன் பயன்பட்டது. தமிழ்நாட்டில் திருக்கோவிலூர் வட்டாரச் சிற்றூர்களில் நடந்த யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டு ஆய்விலும் இம்மணிகள் பயன்படுத்தப்பட்டன.

கண்நோயான திராக்கோமாவைப் பரப்பும் ஈ இனமான மசுக்கா சோர்பென்சு, கழிப்பறைக் குழிகளைவிடத் திறந்த நிலத்தில் கிடக்கும் மனித மலத்திலேயே பெருகுகிறது. எனவே மக்கள் விரும்பிப் பயன்படுத்தும் கழிப்பறை, குழாய் இல்லாவிடினும், அந்த ஈயைக் குறைக்கும். காம்பியாவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், கழிப்பறைகள் கட்டிய ஊர்களில் குழந்தைகளின் கண்களில் மொய்க்கும் இவ்வீக்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன.

இருளும் கதவும்

ஈப்பொறி வேலைசெய்ய அறை இருண்டிருக்க வேண்டும்; காற்றோட்டத்துக்கோ அறையில் திறப்பு வேண்டும். இந்த முரணுக்கு மோர்கன் கண்ட விடை சுருள் வடிவச் சுவர். நத்தைக் கூட்டைப்போல் சுவர் தன்னைத்தானே சுற்றி வருவதால் வாயில் எப்போதும் திறந்திருக்கும். ஆயினும் வெளியிலிருந்து பார்வை உட்புகாது, நேர்வெளிச்சமும் எட்டாது. கதவு தேவையில்லை. கதவே கழிப்பறையில் முதலில் பழுதாகும் பாகம் என்பதையும், கதவைத் திறந்தபடியே விட்டுச்செல்வது பொது வழக்கம் என்பதையும் நினைத்தால், இது செலவைக் குறைத்த ஓர் எளிய முடிவு மட்டுமல்ல என்பது விளங்கும். பயன்படுத்துவோரின் ஒழுங்கை நம்பியிராமல் வடிவமே வேலையைச் செய்துவிடுகிறது. தொடக்கத்தில் வட்டச் சுருளாக இருந்தது, செங்கல் கட்டுமானத்துக்கு ஏற்பச் சதுரச் சுருளாகவும் மாறியது.

வேறு நாடுகளில் இவ்வடிவம் ஏற்கப்பட்டபோது பலவிடங்களில் சுருள் கைவிடப்பட்டுக் கதவு சேர்க்கப்பட்டது. இரவில் பெண்களின் பாதுகாப்புக்குத் தாழிடும் கதவு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. கதவு வைத்தால் அதன் மேலோ கீழோ, குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பைப்போல் குறைந்தது மூன்று மடங்கு திறப்பு விட வேண்டும். கதவும் தானே மூடிக்கொள்ள வேண்டும்.

இருள் ஒரு விலையைக் கேட்கிறது. சிறு குழந்தைகள் இருண்ட அறைக்கும் கரிய துளைக்கும் அஞ்சுவர். பெரியவர்களும் பாம்பும் தேளும் இருக்குமோ எனத் தயங்குவர். ஈ இல்லாத இனிமைக்கும் வெளிச்சத்தின் இனிமைக்கும் இடையிலான இந்த இழுபறிக்கு முழுமையான தீர்வு இல்லை. சுருள் சுவரில் பட்டுத் தெறித்து வரும் மங்கிய ஒளி ஓர் இடைநிலை ஏற்பாடு.

இக்கழிப்பறை பழைய பழக்கம் ஒன்றையும் மாற்றச் சொல்கிறது. சாதாரண குழிக் கழிப்பறையில் துளையை மூடி வைப்பதே நல்வழக்கம். பிளேயர் கழிப்பறையில் துளையை இறுக மூடினால் குழாய் இழுக்கக் காற்று இராது. எனவே துளை திறந்தே இருக்க வேண்டும். நல்லெண்ணத்தில் மூடி செய்து வைத்து, குழாய் பயனற்றது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

கட்டுமானம்

குழி பொதுவாக 3 மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட ஆழமும் 1 முதல் 1.5 மீட்டர் விட்டமும் உடையது. குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் குறைந்தது 2 மீட்டர் மேலே இருப்பதும், கிணற்றிலிருந்து 30 மீட்டர் விலகியிருப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன. மண் தளர்வாயின் செங்கல் உறை வேண்டும். தளத்திலுள்ள துளை சுமார் 400 மி.மீ. நீளமும், குழந்தைகள் தவறி விழாதிருக்க 200 மி.மீ. மிகாத அகலமும் கொண்டிருக்க வேண்டும்.

குழாய் நேராக, வளைவின்றி நிற்க வேண்டும். வளைந்தால் காற்று தடைபடுவதோடு, குழிக்குள் ஒளியும் இறங்காது. கூரையைவிட அது ஏறத்தாழ அரை மீட்டராவது உயர்ந்திருக்கும். மரநிழலும் உயர்ந்த கட்டடங்களும் அருகில் இல்லாத இடமும், வாயில் காற்று வரும் திசையை நோக்கியிருப்பதும் சிறந்தவை.

மொத்தக் கட்டுமானத்தில் மிகச் சிறியதும் மிகவும் இன்றியமையாததும் உச்சியிலுள்ள வலைதான். கண்ணி 1.2 மி.மீ. முதல் 1.5 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதைவிடச் சிறிதாயின் தூசி அடைத்துக் காற்று தடைபடும். பெரிதாயின் ஈ புகும். குழியிலிருந்து எழும் வளிமங்கள் அரிக்கும் தன்மையுடையவை என்பதால் சாதாரண இரும்பு வலை விரைவில் துருப்பிடித்து உதிரும். துருவுறா எஃகு நீண்டநாள் தாங்கும், பி.வி.சி. பூசிய கண்ணாடியிழை வலை மலிவானது. வலை கிழிந்த குழாய், குழாயே இல்லாததைவிடத் தீயது எனலாம்: ஈக்கள் வந்துபோக நேர்வழி ஒன்று திறந்துவிடுகிறது. குழாய்க்குள் சிலந்திகள் கட்டும் கூடுகளும் ஓட்டத்தைத் தடுக்கும். அவ்வப்போது மேலிருந்து ஒரு வாளி நீரை ஊற்றினால் போதும்.

சிம்பாப்வேயில் பல குடும்பங்கள் இவ்வறையைக் குளியலறையாகவும் பயன்படுத்துகின்றன. தளம் துளையை நோக்கிச் சாய்ந்திருப்பதால் குளிக்கும் நீர் தளத்தைக் கழுவிக் குழிக்குள் செல்கிறது. மக்கள் இதைக் கட்ட முன்வந்ததற்கு நோய்த்தடுப்பைக் காட்டிலும் மறைவான குளியலிடம் கிடைப்பதும் ஒரு காரணம்.

பொதுவிடங்களில் பயன்பாடு

பள்ளி, மருத்துவ நிலையம் போன்ற இடங்களுக்காகப் பல அறைகள் வரிசையாக அமைந்த வடிவம் உருவாக்கப்பட்டது. இதில் ஒரு பொறியியல் எச்சரிக்கை உண்டு. ஒரே குழியின்மேல் பல துளைகளும் ஒரே குழாயும் இருந்தால், ஓர் அறையில் இறங்கும் காற்று அடுத்த அறையின் துளை வழியே நாற்றத்துடன் மேலெழக்கூடும். எனவே ஒவ்வோர் அறைக்கும் தனிக் குழியோ, தடுப்புச் சுவரால் பிரிக்கப்பட்ட குழிப்பகுதியோ, தனிக் குழாயும் தேவை. செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இந்தக் கூடுதல் குழாய்களே.

பொதுக் கழிப்பறையில் குழாயால் தீர்க்க முடியாத நாற்றமும் ஒன்று உண்டு. தளத்தில் சிந்தி ஊறும் சிறுநீரின் நாற்றம் குழியிலிருந்து வருவதன்று. வழவழப்பாகப் பூசப்பட்டுச் சாய்வுடன் அமைந்த தளமும், அதைத் தினமும் கழுவ ஓர் ஆளும் இருந்தாலன்றி எந்தக் குழாயும் பயன் தராது. குடும்பக் கழிப்பறையில் இவ்வேலை யாருடையது என்பது தெளிவு. சந்தையில் தெளிவில்லை.

கானாவில் குமாசி நகரப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட குமாசிக் காற்றோட்டக் கழிப்பறையில் இரு குழிகள் உண்டு. ஒன்று நிறைந்ததும் மூடப்பட்டு மற்றது பயன்படும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓய்ந்த குழியின் உள்ளடக்கம் மண்ணைப்போல் மாறி, அள்ளுவோருக்கு இடர் குறைந்ததாகிவிடும். ஒரு குடும்பத்துக்கு நன்கு பொருந்தும் இம்முறை, கானாவின் நகரங்களில் கட்டணப் பொதுக் கழிப்பறைகளாகக் கட்டப்பட்டபோது சிக்கலானது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்த, குழி எதிர்பார்த்ததைவிட மிக விரைவாக நிறையும். ஓய்வுக்கு விடவேண்டிய குழியும் பயன்பாட்டுக்கு வந்துவிட, இரட்டைக் குழியின் நோக்கமே தோற்றது.

குழி நிறைதல்

ஒருவரின் மலக்கசடு ஆண்டுக்கு 40 முதல் 60 லிட்டர் வரை சேர்கிறது. தாள், சோளக் கதிரின் சக்கை போன்றவற்றால் துடைக்கும் வழக்கமுள்ள இடங்களில் இது 90 லிட்டர் வரை உயரும். 1.2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் ஆழமும் உள்ள குழியில், மேல் அரை மீட்டரை விட்டால், பயன்படுவது சுமார் 2.8 கன மீட்டர். ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்குத் தலைக்கு 50 லிட்டர் வீதம் இது ஒன்பது ஆண்டுகளுக்கு வரும். 90 லிட்டராயின் ஐந்தே ஆண்டுகள். நிறைந்ததும் ஊரகக் குடும்பம் வேறிடத்தில் புதிதாகக் கட்டலாம். நெருக்கமான குடியிருப்பில் அதற்கு இடமில்லை.

இச்சிக்கல் தென்னாப்பிரிக்காவில் தெளிவாக வெளிப்பட்டது. நிறவெறி ஆட்சி 1994இல் முடிவுற்றபின், அங்கு வீட்டுக் கழிப்பறைக்கான குறைந்தபட்சத் தரமாகக் காற்றோட்டக் குழிக் கழிப்பறை ஏற்கப்பட்டது. இலட்சக்கணக்கில் கட்டப்பட்டன. ஆனால் நிறைந்தபின் யார், எப்படி அள்ளுவது என்பது போதிய அளவு திட்டமிடப்படவில்லை. டர்பனை உள்ளடக்கிய எத்தெக்வினி மாநகராட்சி தன் பொறுப்பில் வந்த ஏறத்தாழ 35,000 குழிகளைக் காலி செய்யும் பணியில் இறங்கியபோது, துணி, புட்டி, நெகிழிப்பை என வீட்டுக் குப்பை முழுவதும் குழிகளில் இருப்பதைக் கண்டது. குப்பை கலந்த கட்டியான கசடை உறிஞ்சு வண்டிகளால் இழுக்க இயலவில்லை. மலைச்சரிவு வீடுகளுக்கு வண்டிகள் செல்லவும் வழியில்லை. தொழிலாளர்கள் நீண்ட கைப்பிடியுள்ள கருவிகளால் அள்ள வேண்டியதாயிற்று. இந்த அனுபவத்தால், எஞ்சிய ஊரக வீடுகளுக்கு அம்மாநகராட்சி சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிப்பறைகளைத் தேர்ந்தெடுத்தது.

பள்ளிகளில் நிலைமை இன்னும் துயரமானது. லிம்போப்போ மாகாணத்தில் 2014இல் பள்ளியின் குழிக் கழிப்பறைக்குள் விழுந்து 5 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். கிழக்குக் கேப் மாகாணத்தில் 2018இல் 5 வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வாறே இறந்தாள். அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் குடியரசுத் தலைவர் சிரில் ரமபோசா பள்ளிகளிலுள்ள பாதுகாப்பற்ற குழிக் கழிப்பறைகளை நீக்கும் திட்டத்தைத் தொடங்கினார். காற்றோட்டக் குழாயும் உறுதியான காங்கிரீட்டுத் தளமும் கொண்ட கழிப்பறைகள் மாற்றாக அமைக்கப்பட்ட பள்ளிகளும் உண்டு. எனினும் பொதுமக்கள் வழக்கில் இரண்டுமே 'குழி' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால், நன்கு கட்டிய காற்றோட்டக் கழிப்பறையும் அவமதிப்பின் சின்னமாகப் பார்க்கப்படுவதுண்டு. வெள்ளையர் பகுதிகளுக்குத் தண்ணீர்க் கழிப்பறை, தமக்குக் குழி என்ற வரலாற்றை அனுபவித்தவர்களிடம் குழாயின் விட்டத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

தெற்காசியாவில்

இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் இக்கழிப்பறை பரவலாகவில்லை. இங்கு மக்கள் நீரால் கழுவுவதால் எப்படியும் கழிப்பறைக்கு நீர் கொண்டுசெல்லப்படுகிறது. அந்த நீரையே பயன்படுத்தி, கழிப்பறைக் கோப்பையின் வளைகுழாயில் நீரைத் தேக்கி நாற்றத்தையும் ஈயையும் தடுப்பது எளிது. 1970களில் பிந்தேசுவர் பாதக் நிறுவிய சுலப் இயக்கம் பரப்பிய இரட்டைக் குழிக் கழிப்பறையில் இந்த நீர்த்தடுப்பு 20 மி.மீ. மட்டுமே, சுமார் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீரால் கழுவிவிடலாம். நீர் அரிதான, அல்லது கல்லும் கதிர்ச்சக்கையும் கொண்டு துடைக்கும் இடங்களில் அக்கோப்பை அடைத்துக்கொள்ளும். அங்கே பிளேயர் கழிப்பறைக்கு ஈடில்லை.

பிற்கால மாற்றங்கள்

2000களில் சிம்பாப்வேயின் பொருளாதாரம் வீழ்ந்தபோது சிமெண்டு மானியமும் நின்றது. நகரங்களின் குடிநீர், கழிவுநீர் அமைப்புகள் சீர்குலைந்தன. 2008 ஆகத்து முதல் 2009 நடுப்பகுதி வரை பரவிய வாந்திபேதியால் 98,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 4,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

பழைய தரத்திலான முழுக் கழிப்பறைக்குப் பல மூட்டை சிமெண்டு தேவைப்பட்டதால், மானியமின்றி அதைக் கட்ட ஏழைக் குடும்பங்களால் இயலவில்லை. இதற்கு மோர்கன் படிப்படியாக மேம்படுத்தத்தக்க வடிவத்தை முன்வைத்தார். முதற்படியில் உறையிட்ட குழியும், காற்றுக்குழாய்க்கும் சேர்த்துத் துளையிட்ட தளமும் மட்டும் போதும். மறைப்பு புல்லாலோ மண்ணாலோ இருக்கலாம். வசதி வரும்போது குழாயும் செங்கல் சுருளும் சேர்க்கப்படும். 2010க்குப் பின் அரசும் இவ்வடிவத்தை ஏற்றுக்கொண்டது. இதைத்தவிர, ஆழமற்ற குழி நிறைந்ததும் அதில் மரக்கன்று நடும் ஆர்போர்லூ என்ற மிக எளிய வடிவத்தையும் மோர்கன் உருவாக்கினார்.

பெயர்

சிம்பாப்வே ஊரகங்களில் 'பிளேயர்' என்பது கழிப்பறையைக் குறிக்கும் பொதுப்பெயராகவே வழங்குகிறது. 2000களில் அந்நாட்டுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே நிலச்சீர்திருத்தம் தொடர்பாகப் பகைமை முற்றியபோது, அப்போதைய பிரித்தானியப் பிரதமர் டோனி பிளேயரை ஏளனம் செய்ய அரசியல் மேடைகளிலும் பாடல்களிலும் இந்தப் பெயரொற்றுமை பயன்பட்டது. கழிப்பறையின் பெயர் அவருக்கு முந்தியது. மருத்துவர் டைசன் பிளேயரின் பெயரைத் தாங்கியிருந்த ஆய்வுக்கூடமோ பின்னர் தேசிய நலவாழ்வு ஆய்வு நிறுவனம் எனப் பெயர் மாற்றப்பட்டது.